உசாத்துணைப் பட்டியலில் ஒரு சோற்றுக் கை

போன கிழமை நான் எழுதிய சைக்கிள் களவுபோன கதையை வாசித்துவிட்டு, "இதைவிடப் பெரிய மடைத்தனம் நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள்" என்று கிரின்ஸ்டெட்டிலிருந்து ஒரு வாசகர் ஆறுதலாக எழுதியிருக்கிறார். செய்திருக்கிறேன். என் மனைவியின் ஆய்வேட்டுக்குள் நான் என்னையே கள்ளமாக ஏற்றியிருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் எல்லைகளைக் கள்ளமாகத் தாண்டிய கதைகளை நிறைய எழுதிவிட்டார்கள். அவற்றில் பனி இருக்கும், லொறி இருக்கும், உயிர்ப்பயம் இருக்கும். நான் தாண்டியது ஐம்பத்தெட்டுப் பக்க ஆய்வேடு ஒன்றின் கடைசி எல்லையை. உசாத்துணைப் பட்டியலில், S என்ற எழுத்தின் கீழ், இரண்டு வரி. அவ்வளவுதான் என் சாகசம்.

அது பிடிபட்ட நாளில் நான் ஒரு கல்லூரித் தாழ்வாரத்தில், ஒரு கையில் கடுதாசிக் கொடியும் மற்றக் கையில் பற்றிஸ் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

இந்த நாட்டில் வாய்மொழிப் பரீட்சை முடிந்து ஆள் வெளியே வரும்போது குடும்பம் கதவடியில் கொடியோடு நிற்க வேண்டும். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட சின்னக் கொடி. பிறந்தநாள் கேக்கிலிருந்து விமான நிலையம் வரை டெனிஷ்காரர் அதைக் குத்தாத இடமில்லை. உள்ளே மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் மட்டும் அந்த வழக்கத்துக்கு நாங்கள் செய்த திருத்தம்.

கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் என் மனைவி றெஜினாவின் முதுகும் இறுக்கிக் கட்டிய கொண்டையும் தெரிந்தன. எதிரே இரண்டு பெண்கள். ஒருவர் அவளுடைய வழிகாட்டி ஆசிரியை. மற்றவர் வேறு ஊரிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார்.

பரீட்சகர் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் மண்ணிறமாக ஒரு படம் தெரிந்தது. புரட்டல் நின்றது. கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. விரல் படத்துக்குக் கீழே போய்க் குத்தி நின்றது.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். மூன்று கிழமை அதோடு மல்லுக்கட்டியவன் நான். அந்த விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். றெஜினாவுக்குத் தெரியாது.

"அப்பா, ஏன் கொடியைப் பற்றிஸ் பெட்டிக்குள் குத்துகிறீர்கள்?" என்று கேட்டாள் மகள் அனிற்றா. அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் பேசுவதெல்லாம் டெனிஷில். நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

கொடியை இழுத்தெடுத்தேன்.

முள்ளுக்கரண்டியால் தலை சீவிய அப்பு

றெஜினா சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறாள். மறதி நோய்க்காரர் இருக்கும் பகுதியில். அங்கே மன்னாரைச் சேர்ந்த ஒரு வயதான அப்பு வந்து சேர்ந்தார். அவர் முதலில் டெனிஷை மறந்தார். அதில் அவருக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. பிறகு முள்ளுக்கரண்டியை மறந்தார். ஒருநாள் அதை எடுத்துத் தலை சீவினார்.

சாப்பாடு மேசைக்கு வரும், ஆறும், திரும்பிப் போகும். அப்பு மெலிந்துகொண்டே போனார். தாதிமார் கணினியில் "உணவை மறுக்கிறார்" என்று பதிந்தார்கள். ஒரு மத்தியானம் றெஜினா அவருடைய கையைக் கழுவித் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றையும் மீன்குழம்பையும் தட்டில் போட்டு மடியில் வைத்தாள். அப்பு குழைத்தார், உருட்டினார், தட்டை வழித்துச் சாப்பிட்டார். முடிவில் தலையை நிமிர்த்தி, "ஆர் காய்ச்சினது? உப்புக் காணாது" என்றார்.

"அவர் சாப்பாட்டை மறுக்கேல்லை, முள்ளுக்கரண்டியைத்தான் மறுத்தவர்" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று வருடமாகப் படித்த டிப்ளோமாவுக்கு இறுதி ஆய்வேடாக அதையே எழுதினாள்.

அதில் பாஸ் பண்ணினால் அந்தப் பகுதிக்கு அவளே பொறுப்பாளர் ஆகலாம் என்று கொம்யூன், அதாவது இங்கத்தைய நகரசபை, சொல்லியிருந்தது. யூலைக்குள் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் இடத்தை விளம்பரம் போட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். றெஜினாவுக்குப் பதவி ஆசை இல்லை. பொறுப்பாளர்தான் சாப்பாட்டு மேசையின் விதியை மாற்றலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆய்வேட்டில் ஐந்து படங்கள். நான்காவது, சோற்றில் குழம்பு குழைக்கும் ஒரு கை. றெஜினாவின் கைதான், அனிற்றா எங்கள் குசினியில் எடுத்தது. உண்மையில் அந்தப் படம்தான் ஆய்வேடு. மிச்ச ஐம்பத்தேழு பக்கமும் அதற்கு அடிக்குறிப்பு.

புத்தகம் மாதிரி வரும்

நான் ஒரு கதவுத் தொழிற்சாலையின் கந்தோரில், எந்தக் கதவு எந்த வீட்டுக்கு என்று சுட்டுத்துண்டு அடிக்கிற ஆள். இதனால் எனக்கு அச்சுக்கலை தெரியும் என்றொரு எண்ணம் பல காலமாக இருந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றியவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், காற்றாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர், எங்கள் குடியிருப்பில் மேல்மாடி.

"வேர்ட்ல பண்ணாதீங்க சார். லேடெக்னு ஒரு டைப்செட்டிங் சாஃப்ட்வேர் இருக்கு. என் தீசிஸே அதுலதான் போட்டேன். அப்படியே புக்கு மாதிரி வரும்."

புக்கு மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். இத்தனை வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஒரு பதிப்பாளரும் இன்னும் கதவைத் தட்டவில்லை. கதவுகள் என்னிடம் தாராளமாக இருந்தும்.

றெஜினா அப்போது முழுவதையும் வேர்டில் அடித்து முடித்திருந்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

"வேர்ட் எண்டது கடிதம் எழுதுறதுக்கு" என்றேன்.

"நான் எழுதினதும் கடிதம்தான். கொம்யூனுக்கு."

"நீர் எழுத்தைப் பாரும், நான் அச்சைப் பாக்கிறன். ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

"நீங்கள் யோசிக்காதையும் எண்டு சொன்னால்தான் எனக்கு யோசினை வாறது" என்றாள். ஆனால் அன்றிரவு அவளுக்கு வேலை. நின்று சண்டை பிடிக்க நேரமில்லை. ஆய்வேட்டுக் கோப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். இப்படித்தான் நாடுகளும் பறிபோயிருக்க வேண்டும்.

லேடெக்கில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எழுத முடியாது. கட்டளைகளை வரிவரியாக எழுதி, ஓட்டி, பிறகு என்ன வந்திருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். பேசிச் செய்த கலியாணம் மாதிரி. முதல்தரம் திறந்து பார்த்தபோது ஆய்வேடு முழுக்க "படம் ??ஐப் பார்க்க" என்றிருந்தது. மேற்கோள் காட்டிய பேராசிரியர் எல்லோருக்கும் பதிலாக அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி. கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

"மூணு தடவை ஓட்டணும் சார். முதல் ஓட்டம் முடிஞ்சதும் புத்தகப் பட்டியலுக்குன்னு தனியா ஒண்ணு ஓட்டணும்."

"ஏன் மூண்டு தரம்?"

"முதல் தடவை அதுக்கு எதுவுமே தெரியாது சார். ரெண்டாவது தடவை தெரிஞ்ச மாதிரி இருக்கும். மூணாவது தடவைதான் உண்மையிலேயே தெரியும்."

நான் கத்தோலிக்கன். என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே என்று மூன்று தரம் நெஞ்சில் தட்டி வளர்ந்தவன். இந்த மென்பொருளைச் செய்தவருக்கும் மனித சுபாவம் தெரிந்திருக்கிறது என்று மரியாதை வந்தது. மரியாதை படங்களுக்கு வரும்வரை நீடித்தது.

என்ரை கை எங்கை?

லேடெக்கில் படத்தை "இந்த இடத்தில் வை" என்று சொல்ல முடியாது. "இங்கே வைத்தால் நல்லது" என்று விண்ணப்பிக்கலாம். அது பக்கத்தை அளந்து பார்த்து, இடம் காணாது என்று தானே முடிவெடுத்து, படத்தைத் தனக்குப் பிடித்த இடத்தில் கொண்டுபோய் இருத்தும். எங்கள் கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை பகுதிப் பெரியவரைக் கையைப் பிடித்து முன்வரிசையில் இருத்துவோம். திரும்பிப் பார்த்தால் அவர் சாப்பாட்டு வாசலில் நிற்பார். அதே குணம்.

"அது மிதக்கும் சார். அதுக்குப் பேரே ஃப்ளோட்" என்றார் கார்த்திக், பெயர் இருந்தால் நோய் தீர்ந்தது என்பதுபோல.

சோற்றுக் கை முப்பத்தோராம் பக்கத்தில் இருக்க வேண்டியது. அது முப்பத்தைந்துக்குப் போனது. ஒரு பந்தியைச் சுருக்கினேன், நாற்பதுக்குப் பாய்ந்தது. படத்தைச் சிறிதாக்கினேன், திரும்பி வந்தது, ஆனால் குழந்தையின் கைபோல் இருந்தது. பெரிதாக்கினேன், சுகாதாரச் சட்டங்கள் பற்றிய அத்தியாயத்துக்குள் போய், கை கழுவும் விதிகளுக்கு நடுவில் குழம்பும் சோறுமாகக் கிடந்தது.

றெஜினா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்பாள்.

"என்ரை கை எங்கை?"

"முப்பத்தேழாம் பக்கத்திலை."

"நேற்று முப்பத்தைஞ்சிலை எல்லோ நிண்டது?"

"வந்துகொண்டிருக்குது."

"வருகுதோ, போகுதோ?"

அனிற்றா எட்டிப் பார்த்து, வேர்டில் படத்தை இழுத்து விட்டால் விட்ட இடத்தில் நிற்கும் என்றாள். நான் அவளுக்கு எழுத்துகளுக்கிடையே உள்ள வெளியின் அழகை விளக்கினேன். பஸ்ஸில் பிழையான ரிக்கற்றோடு வாதாடும் பென்சன்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால்

இந்த இடத்தில் என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். நான் சவிரிமுத்து ஜேசுதாசன். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர், கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்ற தன் நாட்டு வழக்கப்படி, என் பெயரைக் குடும்பப் பெயராகவும் அப்பாவின் பெயரை என் பெயராகவும் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து தொழிற்சாலையில் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மன்னாரில் இரண்டு வள்ளம் வைத்திருந்த மனிதர். ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சம்மாட்டியார் என்பார்கள். இங்கே இருபத்தைந்து வருடமாகக் கதவுச் சுட்டுத்துண்டு மாறிப் போகும்போதெல்லாம் ஏச்சு வாங்குகிறார்.

கலியாணம் கட்டியதும் றெஜினாவும் வழக்கப்படி என் பெயரைப் பின்னால் சேர்த்தாள். ஆய்வேட்டின் முகப்பில் இருப்பது றெஜினா ஜேசுதாசன்.

இனிப் பாவத்துக்கு வருகிறேன். உசாத்துணைப் பட்டியலுக்கு ஒவ்வொரு நூலையும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று தனிக் கோப்பில் பதிய வேண்டும். முப்பத்துநாலு நூல்களைப் பதிந்தேன். எல்லாம் ஹான்சன்களும் நீல்சன்களும் ஆங்கிலப் பேராசிரியர்களும். எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. என் இனப்பற்று பொங்கியது. சரி, இனப்பற்று என்று நான் பெயர் வைத்த ஒன்று பொங்கியது.

சில வருடங்களுக்கு முன் நான் இதே பத்திரிகையில் முதியோர் இல்லத்து உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதன் சாரம், அதில் உப்பு இல்லை என்பது. சொல்லப்போனால் அப்புவின் கண்டுபிடிப்பை அவருக்கு முன்பே வெளியிட்டவன் நான்.

லேடெக்கில் ஒரு கட்டளை இருக்கிறது. உள்ளே ஓரிடத்திலும் மேற்கோள் காட்டாத நூலையும் அது பட்டியலில் ஏற்றிவிடும். கார்த்திக் பேச்சுவாக்கில் சொன்னது.

"அது யாருக்கு சார் வேணும்?" என்று கேட்டார்.

"சும்மா, அறிவுக்கு" என்றேன்.

ஏற்றினேன். ஆனால் J வரிசையில் ஜேசுதாசன் என்று வந்தால் முகப்பில் இருக்கும் பெயரோடு ஒத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அப்பாவைக் குடும்பப் பெயராக்கி, ஒரு காற்புள்ளி போட்டு, என்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினேன். சவிரிமுத்து, ஜே. வாழ்நாளில் மீன்பிடிச் சங்கத்துப் புத்தகத்தில் கையெழுத்து வைத்ததைத் தவிர வேறொன்றும் எழுதாத மனிதர், மறதி நோய்க்கு அதிகாரபூர்வ ஆதாரம் ஆனார்.

ஆய்வேட்டைக் கல்லூரித் தளத்தில் ஏற்றக் கடைசி நேரம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்குக் கடைசித் தரம் ஓட்டித் திறந்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் கை இல்லை. முப்பத்தேழிலும் இல்லை. புரட்டிப் புரட்டிப் போனால், உசாத்துணைப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில், உச்சியில் கை கிடந்தது, பேராசிரியர்களின் பந்தியில் யாரோ சோறு குழைப்பதுபோல இருந்தது.

றெஜினா தோளுக்கு மேலால் பார்த்தாள். நான் ஏச்சை எதிர்பார்த்துக் கழுத்தைச் சுருக்கினேன்.

"விடுங்கோ. படம் நாலு எண்டு இலக்கம் இருக்குதுதானே, தேடிப் பாக்கட்டும். எங்கடை இல்லத்திலையும் ஆக்கள் அறையை விட்டிட்டு எங்கையாவது போய் இருப்பினம். நாங்கள் தேடிக் கூட்டிக்கொண்டு வாறனாங்கள்தானே" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பார்க்காததை நான் பார்த்தேன். படத்துக்கு நேர் கீழே முதல் வரி: சவிரிமுத்து, ஜே. ஒரு வரியை அழித்து மூன்று தரம் ஓட்ட அரை மணி நேரம் தாராளம். ஆனால் வரியை எடுத்தால் கை வேறெங்காவது பாய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்படியே தளத்தில் ஏற்றினேன்.

உண்மை அதுவல்ல. அந்தப் படத்துக்குக் கீழே அந்தப் பெயர் நல்ல வடிவாக இருந்தது. புக்கு மாதிரி இருந்தது.

தாழ்வாரத்தில் மிச்சம்

விரல் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. றெஜினா முன்னால் குனிந்து பார்த்தாள். கொண்டை அசையவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அனிற்றாவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

"வாசிக்காத நூலைப் பட்டியலில் போடுவதைப் பரீட்சையில் ஏமாற்றுவது என்று சொல்வார்கள்" என்றாள்.

"அம்மாவுக்குத் தெரியாது."

"அது இன்னும் மோசம். பாஸ் பண்ணாமல் போகப்போவது அம்மா" என்று சொல்லி, என் கையிலிருந்த கொடியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள். பற்றிஸ் பெட்டியை மட்டும் என்னிடம் விட்டாள்.

கதவு திறந்தது. புள்ளியைத் தீர்மானிக்கும்வரை மாணவர் வெளியே நிற்க வேண்டும் என்பது இங்கத்தைய முறை. றெஜினா வந்து என் முன்னால் நின்றாள்.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"பற்றிஸ் ஒண்டு தாங்கோ."

தந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாகச் சாப்பிட்டாள். துகள்களைச் சட்டையிலிருந்து தட்டினாள். இன்னொன்று கேட்டாள். நான் அந்த ஐந்து நிமிடத்தில், அப்புவையும், அவருடைய மடியில் இருந்த தட்டையும், இனி வரப்போகும் யாரோ ஒரு பொறுப்பாளர் அதை எடுத்துவிட்டு முள்ளுக்கரண்டியை வைப்பதையும் நினைத்துக்கொண்டு நின்றேன். இதெல்லாம் உப்பில்லாத உருளைக்கிழங்குக்காக.

உள்ளே கூப்பிட்டார்கள். போனாள், வந்தாள்.

"பத்து" என்றாள். இங்கே பன்னிரண்டுதான் உச்சம். பத்து அதற்கு அடுத்த படி.

அனிற்றா கொடியை ஆட்டினாள். தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை மட்டும் தமிழில் அழுததுபோல் எனக்குப் பட்டது. பரீட்சகரும் வெளியே வந்து ஒரு பற்றிஸ் எடுத்துக் கடித்தார். கையால்தான். என்னைப் பார்த்துத் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்.

யூலையிலிருந்து அந்தப் பகுதியின் சாப்பாட்டு மேசையில் முள்ளுக்கரண்டிக்குப் பக்கத்தில் கை கழுவ ஒரு கிண்ணமும் துவாயும் இருக்கின்றன. அப்பு நிறை ஏறிவிட்டார். உப்பைப் பற்றி இன்னும் முறைப்பாடுதான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கார் ஏரிக்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்னால் அனிற்றா காதில் பாட்டை மாட்டியிருந்தாள்.

"பரீட்சகர் முதல்லை, படத்தை ஏன் அங்கை கொண்டுபோய் வைச்சனீர் எண்டு கேட்டவ" என்று றெஜினா தொடங்கினாள். "நான் வைக்கேல்லை, அது தானாப் போனது, ஆனால் நீங்கள் கண்டனீங்கள்தானே எண்டு சொன்னன். சிரிச்சவ."

"பிறகு?"

"பிறகு கீழை விரலை வைச்சு, இந்தச் சவிரிமுத்து ஆர், உள்ளுக்கை ஒரு இடத்திலையும் காணேல்லையே எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னீர்?"

"உள்ளதைத்தான். அது என்ரை மாமான்ரை பேர், அவர் கடலுக்குப் போனவர், ஒண்டும் எழுதேல்லை. எழுதினது என்ரை மனுசன், என்னைக் கேக்காமல் போட்டிருக்கிறார், நானும் இப்பதான் காணுறன் எண்டு சொன்னன்."

சமிக்ஞை விளக்கு பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். இந்த நாட்டில் அது வருடத்துக்கு ஒருதரம் கேட்கிற சத்தம்.

"அப்ப, இதை எடுத்துவிட்டால் உம்மடை வேலையிலை என்ன குறையும் எண்டு கேட்டவ. ஒண்டும் குறையாது எண்டன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அவ கண்ணாடியைத் திருப்பித் தலையிலை ஏத்திப்போட்டுச் சொன்னா, இண்டைக்கு முழுக்க நீர் யோசியாமல் சொன்ன பதில் இது ஒண்டுதான் எண்டு."